ஐந்து வீரர்களுக்கும் ஒரே பெயர்! கூடைப்பந்து அரங்கில் மைக் பிடிப்பவரின் வேலை என்ன? முழு விளக்கம்

2020 ஜனவரி 31. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கம். ஐந்து நாட்களுக்கு முன்புதான், அதாவது ஜனவரி 26-ம் தேதி, கூடைப்பந்து ஜாம்பவான் கோபி பிரையன்ட், அவரது மகள் ஜியானா உட்பட 9 பேர் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்திருந்தனர். அந்தத் துயரத்துக்குப் பிறகு லேக்கர்ஸ் அணி ஆடும் முதல் போட்டி இது.

போட்டி தொடங்கும் முன் களமிறங்கும் ஐந்து வீரர்களை மைக்கில் அறிமுகம் செய்வது வழக்கம். அன்று முதல் வீரர் எழுந்தார். மைக்கில் வந்த பெயர், 'கோபி பிரையன்ட்'. இரண்டாவது வீரர் எழுந்தார். மறுபடியும் 'கோபி பிரையன்ட்'. லெப்ரான் ஜேம்ஸ் உட்பட ஐந்து பேருக்கும் அதே பெயர், அதே ஜெர்சி எண் 24, அதே பள்ளிக்கூடத்தின் பெயர். அரங்கம் முழுக்கக் கண்ணீர்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லாரன்ஸ் டான்டர். 1981-ல் லேக்கர்ஸ் அணியின் மைக்கைப் பிடித்தவர். களத்தில் இறங்கி ஒரு பந்தைக்கூட எறியாத இவரைப் போன்றவர்களின் வேலை என்ன? இதில் சம்பாதிக்க முடியுமா? நம்ம ஊரில் இதற்கு வழி இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

வர்ணனையாளர் வேறு, அறிவிப்பாளர் வேறு

டிவியிலோ ரேடியோவிலோ போட்டியை விவரிப்பவர் வர்ணனையாளர். தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றாலே பலருக்கு நினைவுக்கு வரும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அந்த வகை. மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்காகப் பேசியவர் அவர். அதனால் அவர் இடைவிடாமல் பேசியாக வேண்டும்.

பி.ஏ. அனவுன்சர் எனப்படும் அரங்க அறிவிப்பாளர் அப்படி இல்லை. அவர் பேசுவது அரங்கத்துக்குள் உட்கார்ந்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம். பார்ப்பவரிடம் பார்ப்பதையே திருப்பிச் சொன்னால் எரிச்சல்தான் வரும். பார்த்தும் புரியாததை மட்டும் சொல்ல வேண்டும். ஃபவுல் யார் மீது? அது அவருக்கு எத்தனையாவது? உள்ளே வரும் வீரர் யார்? இதெல்லாம்தான் அவர் கணக்கு.

இன்னும் எளிதாகப் புரிய, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரி நோக்கிப் போகும் கிழக்கு கடற்கரைச் சாலைக்கு வரலாம். அனுமந்தை மாதிரியான கடலோர ஊர்களில் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ கபடி, வாலிபால் போட்டி நடந்தால், குழாய் ஸ்பீக்கர் கட்டி ஒருவர் மைக் பிடிப்பார் அல்லவா? அடுத்து ஆடப்போகும் அணியை அழைப்பார். புள்ளி சொல்வார். நன்கொடை தந்தவர்களின் பெயரை வாசிப்பார். இடையில் காணாமல் போன குழந்தையைப் பற்றியும், வழியை மறித்து நிற்கும் பைக் பற்றியும் அறிவிப்பார். அடிப்படையில் அதே வேலைதான் இதுவும். அரங்கம் பெரிது, விதிகள் கறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்ல வேண்டியது, சொல்லக் கூடாதது

சர்வதேச கூடைப்பந்து விதிகளின்படி ஆட்டம் தலா 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் ஒரு பகுதிக்கு 12 நிமிடம். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆட்டம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும். இந்த வேகத்துக்குள்தான் அறிவிப்பாளர் பேசி முடிக்க வேண்டும்.

அவருடைய வழக்கமான வேலைகள் இவை:

* போட்டிக்கு முன் இரு அணி வீரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்களை அறிமுகம் செய்வது.
* கூடை விழுந்ததும் போட்டவரின் பெயரைச் சொல்வது.
* ஃபவுல் என்றால், செய்தவரின் எண், பெயர், அது அவருக்கு எத்தனையாவது, அணிக்கு எத்தனையாவது என்று சொல்வது.
* வீரர் மாற்றம், டைம் அவுட், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை ஆகியவற்றை அறிவிப்பது.
* அவசரம் என்றால் கூட்டத்தைப் பதறவிடாமல் வழிநடத்துவது.

இதில் ஃபவுல் கணக்கு ரொம்ப முக்கியம். சர்வதேச விதிப்படி ஒரு வீரர் 5 ஃபவுல் செய்துவிட்டால் வெளியேற வேண்டும். என்.பி.ஏ.வில் அது 6. 'இது அவருக்கு நான்காவது ஃபவுல்' என்று மைக்கில் கேட்டதும் அரங்கமே நிமிர்ந்து உட்கார அதுதான் காரணம். அடுத்த தவறு அவரை பெஞ்சுக்கு அனுப்பிவிடும்.

இந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதுபவர் அறிவிப்பாளர் அல்ல. ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் இயக்குபவர் என நான்கு மேஜை அலுவலர்கள் சர்வதேச விதியில் உண்டு. அந்த நால்வர் பட்டியலில் அறிவிப்பாளருக்கு இடமில்லை. நடுவர் விரல்களால் காட்டும் எண்ணைப் பார்த்து, மேஜையில் உறுதி செய்துகொண்டு, பிறகுதான் அவர் வாய் திறக்க வேண்டும். முந்திக்கொண்டு தப்பாகச் சொன்னால் ஆயிரக்கணக்கானோர் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. நடுவரின் முடிவை விமர்சிக்கக் கூடாது. எதிரணி வீரரைக் கிண்டல் செய்யக் கூடாது. தொழில்முறை ஆட்டங்களில் சொந்த ஊர் வீரரின் பெயரை நீட்டி முழக்கிச் சொல்வது சகஜம். ஆனால் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் இரு தரப்புக்கும் ஒரே குரல் என்பதே நல்ல மரபு. அங்கே ஆடுவது மாணவர்கள். எதிரணி வீட்டுப் பெற்றோரும் அதே அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சலாமி கொடுத்த 'ஜின்க்'

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் முக்கியமானவர் டேவ் ஜின்காஃப். 1910-ல் ரஷ்யாவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்துடன் அமெரிக்கா வந்தவர். பிலடெல்பியா நகரில் வளர்ந்தார். என்.பி.ஏ. என்ற அமைப்பே இல்லாத 1930-களில், அந்த நகரின் யூத இளைஞர்கள் ஆடிய ஸ்பாஸ் அணியின் போட்டிகளுக்கு மைக் பிடித்தார். அந்தப் போட்டிகள் நடந்தது ஒரு ஹோட்டலின் நடன மண்டபத்தில். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் நடன நிகழ்ச்சி நடக்கும்.

பிறகு பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்கு அறிவிப்பாளரானார். சாகசக் கூடைப்பந்துக்குப் பேர்போன ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் குழுவுடன் வெளிநாட்டுப் பயணம் போனார். அந்த அனுபவங்களை 1953-ல் புத்தகமாகவும் எழுதினார்.

வீரர்களின் பெயரோடு விளையாடுவது அவர் பாணி. டாம் கோலா கூடை போட்டால் 'கோலா கோல்' என்பார். 'டிப்பர்' என்ற செல்லப்பெயர் கொண்ட வில்ட் சேம்பர்லைன் பந்தைக் கூடைக்குள் அமுக்கினால் 'டிப்பர் டங்க்' என்பார். ஜூலியஸ் எர்விங் பெயரில் உள்ள 'ர்' எழுத்தை அவர் உருட்டுவதைக் கேட்கவே ரசிகர்கள் காத்திருப்பார்களாம். மனதுக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் சலாமி எனும் இறைச்சித் துண்டைப் பரிசாகத் தருவதும் அவரது வாடிக்கை.

1962-ல் வாரியர்ஸ் அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அறிவிப்பாளர் அணியோடு போகவில்லை. அடுத்த ஆண்டே பிலடெல்பியாவுக்குப் புது அணி வந்தது. '76-அர்ஸ்' என்ற அந்த அணிக்கும் ஜின்காஃப்தான் குரல் கொடுத்தார். 1985 டிசம்பர் 25-ல் அவர் காலமானார். பெரிய வீரர்களின் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுத்து அரங்கக் கூரையில் தொங்கவிடும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. ஜின்காஃபுக்கு ஜெர்சி கிடையாது. அதனால் மைக் படம் போட்ட பதாகையை அணி நிர்வாகம் ஏற்றி வைத்தது.

100 புள்ளி எடுத்த இரவு

ஜின்காஃப் வாழ்க்கையின் மறக்க முடியாத நாள் 1962 மார்ச் 2. பென்சில்வேனியா மாகாணத்தின் ஹெர்ஷி என்ற சிறு நகரில் வாரியர்ஸ் அணியும் நியூயார்க் நிக்ஸ் அணியும் மோதின. கூட்டம் 4,124 பேர்தான். டிவி ஒளிபரப்பு இல்லை.

முதல் பாதி முடிவில் சேம்பர்லைன் எடுத்தது 41 புள்ளி. மூன்றாம் பகுதி முடிவில் 69. ஏதோ பெருசா நடக்கப்போகிறது என்று மைக்கில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது. சேம்பர்லைன் எத்தனை புள்ளி என்பதை அவர் அறிவிக்க அறிவிக்க, அதுவரை சோம்பிக் கிடந்த கூட்டம் விழித்துக்கொண்டது. 'வில்ட்டிடம் கொடு' என்று கத்தத் தொடங்கியது. ஆட்டம் முடிந்தபோது ஒரே வீரரின் கணக்கில் 100 புள்ளி. வாரியர்ஸ் 169, நிக்ஸ் 147. என்.பி.ஏ.வில் அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஒவ்வொரு ரசிகர் கையிலும் செல்போன், கூரையில் ராட்சதத் திரை என்று எதுவும் இல்லாத காலம் அது. ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுத்திருக்கிறார் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள, கூட்டம் அந்த மைக்கை நம்பித்தான் இருந்தது. நடப்பது வரலாறு என்பதைக் கூட்டத்துக்குப் புரியவைத்தது அந்தக் குரல்.

விளக்கை அணைத்த சிகாகோ

அடுத்த பெரிய மாற்றம் சிகாகோவில் வந்தது. 1976-ல் சிகாகோ புல்ஸ் அணியின் அறிவிப்பாளராக வந்தவர் டாமி எட்வர்ட்ஸ். தொழில் ரேடியோ டி.ஜே. 1984-ல் தியேட்டர் ஒன்றில் படம் பார்க்கப் போனவரின் காதில் ஒரு இசை விழுந்தது. ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்ட் குழுவின் 'சிரியஸ்'. அதை அப்படியே வீரர்கள் அறிமுகத்துக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அணிக்குப் புதிதாக வந்து சேர்ந்த இளைஞரின் பெயர், மைக்கேல் ஜோர்டன்.

அரங்கம் இருட்டாகும். அந்த இசை மெல்ல எழும். ஒளிவட்டம் சுழலும். ஒவ்வொரு பெயராக வரும், கடைசியில் ஜோர்டன். இன்று கபடி லீக் முதல் கல்லூரி விழா வரை பல இடங்களில் பார்க்கும் 'லைட் ஆஃப், என்ட்ரி' பாணியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில் சிகாகோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

1990-ல் எட்வர்ட்ஸ் விலக, ரே கிளே வந்தார். 1991 முதல் 1998 வரை புல்ஸ் வென்ற ஆறு சாம்பியன் பட்டங்களின்போதும் ஒலித்தது ரே கிளேயின் குரல்தான். ஆனாலும் 2002-ல் அவர் அந்த இடத்தை இழந்தார். 2006-ல் எட்வர்ட்ஸ் மறுபடி வந்து 2020 வரை மைக் பிடித்தார். அவருக்குப் பின் டிம் சின்க்ளேர். ஆறு கோப்பைகளுக்குக் குரல் கொடுத்தவருக்கே இடம் நிரந்தரமில்லை என்பதையும் இந்தக் கதையில் கவனிக்க வேண்டும்.

இது முழுநேர வேலையா?

இல்லை. என்.பி.ஏ.வில் ஒரு அணி ஒரு சீசனில் ஆடும் லீக் போட்டிகள் 82. அதில் சொந்த அரங்கத்தில் நடப்பவை 41. அறிவிப்பாளருக்கு வேலை இருப்பது சொந்த அரங்கத்தில் மட்டும்தான். பிளே ஆஃப், பயிற்சி ஆட்டங்களைச் சேர்த்தாலும் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மைக்குக்கு வேலை இல்லை.

அதனால் உலகின் உச்ச அரங்கத்தில் இருப்பவர்களுக்கும் வேறொரு தொழில் இருக்கும். எட்வர்ட்ஸ் ரேடியோவில் இருந்தார். லாரன்ஸ் டான்டர் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், ஜாஸ் இசை ஒலிபரப்பும் ரேடியோக்களில் வேலை பார்த்தவர். பேஸ்பால் ஆட்டத்திலும் இதே கதைதான். 1993-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் ஆடிஷனில் தேர்வாகி, முக்கிய லீக் பேஸ்பாலின் முதல் முழுநேரப் பெண் அறிவிப்பாளரான ஷெர்ரி டேவிஸ், சட்ட அலுவலகச் செயலாளராகப் பணிபுரிந்தவர்.

பெயர்தான் பெரிய பரீட்சை

மைக் பிடிப்பவரை உடனே காட்டிக்கொடுப்பது பெயர் உச்சரிப்புதான்.

நட்சத்திர வீரர் யானிஸ் கதையைப் பாருங்கள். பெற்றோர் நைஜீரியர்கள், பிறந்தது கிரீஸின் ஏதென்ஸ். குடும்பப் பெயர் யொரூபா மொழியில் 'அடெடோகுன்போ'. கிரேக்க மொழியில் 'ட' ஒலிக்கும் 'ப' ஒலிக்கும் இரண்டு இரண்டு எழுத்து சேர்த்து எழுதும் முறை உண்டு. அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் மாற்றியதால் ஆவணத்தில் வந்து நின்றது 'அன்டெடோகவுன்ம்போ' என்று படிக்கத் தோன்றும் ஒரு பெயர். ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங் என்று அலைந்த நமக்கு இது புதுசு இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க என்.பி.ஏ. வீரர்களின் பெயர் உச்சரிப்புப் பட்டியலையே வெளியிடுகிறது. நல்ல அறிவிப்பாளர் அதோடு நிற்க மாட்டார். ஆட்டத்துக்கு முன் எதிரணி மேலாளரிடம் போய், 'இந்தப் பையன் பெயரை எப்படிச் சொல்லணும்?' என்று கேட்டு, தன் கையெழுத்தில் தனக்குப் புரியும்படி எழுதிக்கொள்வார்.

தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம். எழிலரசி என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால், வெளிமாநில அரங்கில் அது 'எசிலரசி' ஆக வாய்ப்பு அதிகம். இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அப்பா பெயரால் அழைப்பதும் நடக்கும். மாநில அணிக்காக முதல்முறை களமிறங்கும் பெண்ணின் பெயர் ஸ்பீக்கரில் தப்பாக வந்தால், அந்த நிமிடம் திரும்பக் கிடைக்காது. ஊர்த் திருவிழாவில் நன்கொடையாளர் பெயரில் இனிஷியல் மாறினால் என்ன ரகளை ஆகும் என்பதை மைக் செட்காரரிடம் கேட்டால் தெரியும்.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

கூடைப்பந்து நமக்குப் புதிய விளையாட்டு இல்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கியது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அங்கே படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையைச் சேர்ந்த முன்னாள் இந்திய கேப்டன் அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆட்டக்காரர்களுக்கு இப்படி ஒரு வரலாறு இருந்தாலும், அறிவிப்பாளர் என்பது இங்கே தனித் தொழிலாக இன்னும் வளரவில்லை. உடற்கல்வி ஆசிரியரோ, மூத்த வீரரோ, கையில் மைக் கிடைத்த யாரோ ஒருவர் பேசுவதுதான் பெரும்பாலும் நடைமுறை. ஆர்வமுள்ளவர்களுக்கு இதுவே நுழைவாயிலும்கூட.

எப்படித் தொடங்கலாம்?

முதலில் ஸ்கோர் ஷீட் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகியவருக்கு மைக்கில் தடுமாற்றம் வராது. மாவட்ட, பள்ளிப் போட்டிகளில் மேஜை வேலைக்கு ஆள் தேவைப்படும்போது போய் நிற்கலாம்.

இரண்டாவது, நடுவரின் கை சைகைகள். ஃபவுலின் வகையும் வீரரின் எண்ணும் அவர் கையில்தான் தெரியும். விசில் சத்தம் கேட்டதும் கண் பந்தைத் தேடாமல் நடுவரைத் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒலி. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி உள்ள ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் உங்களுக்கே கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாகக் கேட்கும். மூடிய அரங்கில் எதிரொலியும் சேரும். அதைக் கேட்டுக் குழம்பாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசப் பழக வேண்டும். மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் 'கூ...' என்று ஊளையிடும். இதெல்லாம் திருவிழா மைக் பிடித்தவர்களுக்குத் தெரிந்த பாடம்தான்.

நான்காவது, மௌனம். புதிதாக வருபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மைக் கையில் இருக்கிறதே என்று பேசிக்கொண்டே இருந்தால், முக்கியமான அறிவிப்பு வரும்போது கூட்டம் காது கொடுக்காது.

பெரிய பட்டமோ கம்பீரமான கட்டைக் குரலோ கட்டாயமில்லை. ஆண்கள்தான் பேச வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரேடியோ, டப்பிங், நிகழ்ச்சித் தொகுப்பு, ஆசிரியர் பணி என்று கையில் ஒரு வேலை இருக்கட்டும்.

அந்த இரவில் டான்டர் செய்தது

மறுபடியும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருவோம். டான்டர் அலறும் ரகம் கிடையாது. நிதானமான, ஆழமான குரல். அன்றும் அவர் உருக்கமாக உரை எதுவும் ஆற்றவில்லை. பல வருடங்களாக எப்படி அறிமுகம் செய்வாரோ, அதே வரிசையில் உயரம், எத்தனையாவது சீசன், படித்த பள்ளி, ஜெர்சி எண், பெயர். அதை ஐந்து முறை சொன்னார். அவ்வளவுதான்.

கோபி ஆடிய 20 சீசன்களிலும் அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டுப் பழகியவர்கள் அரங்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைய போட்டியில் லேக்கர்ஸ் 119-127 என்று போர்ட்லேண்ட் அணியிடம் தோற்றது. அந்த ஸ்கோர் இன்று பலருக்கு நினைவில்லை. ஐந்து முறை கேட்ட அந்தப் பெயர் நினைவிருக்கிறது.